அணுச் சிதைவும் தேவ பராமரிப்பும்
பொல்லார்டின் வாதத்தைக் குறித்த ஒரு திறனாய்வு

தற்செயல் என்று உலகம் அழைப்பதைத் தேவ பராமரிப்பு என்று விசுவாசம் அழைக்கக்கூடுமா? இக்கேள்வி பழையது. சீட்டுப் போடுவதைப் பற்றிய முதுமொழி ஒன்று நீதிமொழிகள் 16ஆம் அதிகாரத்தின் இறுதி வசனத்தில் இடம்பெற்றுள்ளது. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்தெடுத்த முறையும் அப்போஸ்தலருடைய நடபடிகளின் முதல் அதிகாரத்திலேயே காணக்கிடக்கிறது. இப்பழைய கேள்விக்குக் குவாண்டம் இயற்பியலின் துணைகொண்டு புதிய விடை கூற முற்பட்டோருள் வில்லியம் பொல்லார்டு முதன்மையானவர். அவருடைய வாதத்தையும், அதனைப் பின்பற்றி எழுந்த இறையியல் போக்கையும், கடந்த சில பத்தாண்டுகளில் மீக்குளிர் அணுக்களைக் கொண்டு நடத்தப்பெற்ற சிதைவு ஆய்வுகளின் ஒளியில் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நூலும் அதன் வாதமும்

பொல்லார்டு 1911இல் பிறந்து 1989இல் மறைந்த அமெரிக்க இயற்பியலர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அணுகுண்டுத் திட்டத்தின் ஒரு பகுதியில் பணியாற்றியவர். ஓக் ரிட்ஜ் நகரில் 1946இல் தோன்றிய அணுக்கரு ஆய்வு நிறுவனத்தைப் பல்லாண்டுகள் நடத்தியவர். 1954இல் எப்பிஸ்கோப்பல் திருச்சபையில் குருத்துவ அபிஷேகமும் பெற்றார். ‘தற்செயலும் தேவ பராமரிப்பும்’ என்று தமிழில் பொருள்படும் அவரது நூல் 1958இல் வெளிவந்தது.

அந்நூலின் வாதத்தைச் சுருக்கமாகக் கூறின் இவ்வாறு அமையும். அறிவியல் கண்டறிந்த இயற்கை விதிகள் அடிப்படையில் புள்ளியியல் விதிகளே. அவை ஒரு நிகழ்ச்சிக்குப் பல மாற்று வழிகள் உண்டு என்றும், ஒவ்வொரு வழிக்கும் இன்ன அளவு நிகழ்தகவு என்றும் கூறுமேயன்றி, அவ்வழிகளுள் எது நிகழும் என்று கூறமாட்டா. எது நிகழ்கிறது என்பதை அறிவியல் ‘தற்செயல்’ என்று எழுதி வைத்துவிட்டு அகல்கிறது. அவ்விடத்திலேயே விசுவாசி கடவுளின் தெரிந்தெடுப்பைக் காண்கிறான். கடவுள் இயற்கை விதி எதனையும் முறிக்க வேண்டியதில்லை. விதி திறந்து வைத்திருக்கும் வாசல்களுள் ஒன்றின் வழியே உலகை நடத்திச் செல்கிறார்.

இவ்வாதத்தின் சிறப்புகளை முதலில் ஒப்புக்கொள்வது நேர்மையாகும். கடவுளை இயற்கைக் காரணங்களுள் இன்னொரு காரணமாகப் பொல்லார்டு ஆக்கவில்லை. தற்செயலைக் கடவுளுக்குச் சான்றாகக் காட்டி அவிசுவாசியை மடக்கவும் அவர் முயலவில்லை. ஒரே நிகழ்ச்சியை இரு கண்கொண்டு நோக்கலாம் என்பதே அவர் நிலை. நியூட்டனுக்குப் பின் இரு நூற்றாண்டுகளாக இறுக மூடப்பட்ட இயந்திரமாகக் கருதப்பட்ட உலகில், செபத்திற்கும் பராமரிப்புக்கும் இடமில்லை என்று மயங்கியவர்களுக்கு அவர் எழுத்து ஆறுதல் அளித்தது. பின்னர் 1981இல் பெர்க்லியில் இறையியலுக்கும் இயற்கை அறிவியல்களுக்கும் என ஒரு மையத்தை நிறுவிய ராபர்ட் ஜான் ரசல், இவ்வாதத்தை மேலும் செப்பனிட்டார். விதியில் தலையிடாமலேயே குவாண்டம் நிகழ்ச்சிகளில் கடவுள் மெய்யாகச் செயல்படுகிறார் என்றும், உயிரணுக்களில் தோன்றும் மரபு மாற்றங்களின் வழியாக உயிரினங்களின் வரலாற்றையும் அவர் அவ்வாறு நடத்துகிறார் என்றும் அவர் வாதித்தார்.

ஆயினும் இவ்வாதம் முழுவதும் ஒரு படத்தின் மேல் நிற்கிறது. அப்படம் சரியானதா என்பதே நம் வினா.

2. தனித்து நிற்கும் அணுவின் படம்

அப்படத்திற்கு வழக்கமாகக் காட்டப்படும் எடுத்துக்காட்டு கதிரியக்கச் சிதைவு. 1902இல் மான்ட்ரியால் நகரில் ரதர்ஃபோர்டும் சாடியும் சிதைவின் விதியை வகுத்தனர். ஒரு ரேடியம் கட்டியில் உள்ள அணுக்களுள் பாதி ஏறத்தாழ 1,600 ஆண்டுகளில் சிதைந்துவிடும். எஞ்சியதில் பாதி அடுத்த 1,600 ஆண்டுகளில் சிதையும். யுரேனியம்-238க்கு இந்த அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள். ஆயின் குறிப்பிட்ட ஓர் அணு இன்றைக்குச் சிதையுமா, ஆயிரம் ஆண்டு கழித்துச் சிதையுமா என்று எவரும் கூற இயலாது. அணுவுக்கு முதுமையும் இல்லை; நேற்றுப் பிறந்த அணுவும், உலகம் தோன்றிய நாள் முதல் இருக்கும் அணுவும் அடுத்த நொடியில் சிதைவதற்கான வாய்ப்பில் சமமானவையே. 1928இல் காமோவும், தனியே கர்னியும் காண்டனும், ஆல்ஃபா துகள் அணுக்கருவின் தடுப்புச் சுவரை ஏறிக் கடவாமல் ஊடுருவி வெளிவருவதைக் குவாண்டம் கொள்கையால் விளக்கினர். விளக்கம் கிடைத்தது, நேரம் மட்டும் தற்செயலாகவே நின்றது.

இதிலிருந்து இறையியல் மனம் எளிதாக ஒரு படத்தைத் தீட்டிக்கொண்டது. அணு தனித்து நிற்கிறது. அதன் உள்ளே யாரும் காணாத ஒரு கடிகாரம் இருப்பது போலவும், அது எப்போது அடிக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வெளியிலிருந்து ஒருவர் தேவைப்படுவது போலவும் அப்படம் அமைந்தது. சிதைவு ஒரு நொடியில், ஓரிடத்தில், ஒரே முறையாக, மீளாத வகையில் நிகழும் என்பதும் அப்படத்தின் ஒரு கூறு. அந்தப் புள்ளியே தெரிந்தெடுப்பின் புள்ளி. அங்கே கடவுளின் விரல் படுகிறது. பொல்லார்டு இவ்வளவு கரடுமுரடாக எழுதவில்லையெனினும், அவர் நூலைப் பயின்று மேடையேறும் பலர் இப்படியே விளங்கிக்கொள்கின்றனர்.

மீக்குளிர் அணுக்களின் ஆய்வு இப்படத்தின் ஒவ்வொரு கூறையும் சோதித்துள்ளது.

3. குளிர்ச்சி ஏன்?

அறை வெப்பத்தில் ஒரு வாயுவின் அணுக்கள் நொடிக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடி ஒன்றையொன்று மோதுகின்றன. அந்த ஆரவாரத்தில் ஓர் அணுவின் குவாண்டம் இயல்பைப் பொறுமையாகக் கவனிக்க முடியாது. லேசர் ஒளியை எதிர்த் திசைகளிலிருந்து பாய்ச்சி அணுக்களின் வேகத்தை அடக்கும் முறை 1980களில் கைகூடியது. அதற்காக ஸ்டீவன் சூ, கோஹன்-டானூஜி, வில்லியம் ஃபிலிப்ஸ் ஆகிய மூவர் 1997இல் நோபல் பரிசு பெற்றனர். 1995இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் ரூபிடியம் அணுக்கள் தனிச் சுழிநிலைக்கு மேல் 170 நானோகெல்வின் அளவுக்குக் குளிர்விக்கப்பட்டன. அதாவது ஒரு டிகிரியின் கோடியில் இரண்டு பங்கினும் குறைவு. சத்யேந்திரநாத் போஸ் 1924இல் டாக்காவிலிருந்து அனுப்பிய கட்டுரையில் தொடங்கி, ஐன்ஸ்டைன் முன்னறிவித்த புதிய பொருள்நிலை அவ்வாண்டுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இவ்வளவு குளிர்ந்த அணு ஏறத்தாழ அசையாது நிற்கும். அதனை லேசர் ஒளியின் அலைகளால் அமைந்த பள்ளங்களில், முட்டைத் தட்டில் முட்டையை வைப்பது போல, வைக்கலாம். பள்ளத்தின் ஆழத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அணு அதிலிருந்து நழுவி வெளியேறுவதையே ஒரு சிதைவாகக் கொண்டு, அதன் வேகத்தைக் கையால் திருகுவது போல மாற்றிப் பார்க்கலாம். மெய்யான அணுக்கருவில் இவ்வாறு செய்ய இயலாது. அங்குச் சிதைவின் தொடக்கக் கணங்கள் எந்தக் கருவிக்கும் எட்டாத அளவு குறுகியவை. குளிர்ந்த அணுவில் அவை மைக்ரோசெகண்டு அளவுக்கு விரிந்து கண்முன் நிற்கின்றன.

4. மூன்று ஆய்வுகள்

முதலாவது, 1997இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் மார்க் ரைசனும் அவர் குழுவினரும் நடத்தியது. சோடியம் அணுக்களை ஒளிப் பள்ளங்களில் வைத்து, அப்பள்ளங்களின் வரிசையை முடுக்கி இழுத்தனர். பள்ளத்தில் தங்கிய அணுக்கள் உடன் சென்றன. சுவரை ஊடுருவி நழுவியவை பின்தங்கின. எத்தனை தங்கின என்று எண்ணியபோது, ரதர்ஃபோர்டின் விதி முதல் சில மைக்ரோசெகண்டுகளில் பொருந்தவில்லை. தொடக்கத்தில் அணுக்கள் ஏறத்தாழச் சிதையாமலே நின்றன. அதன் பின்னரே வழக்கமான வீதம் நிலைபெற்றது. அணுவுக்கு முதுமை இல்லை என்று கூறினோமல்லவா? குழந்தைப் பருவம் ஒன்று உண்டு என்று இந்த ஆய்வு காட்டியது. பழகிய சிதைவு விதி அடிப்படை விதி அன்று. ஒரு தொடக்கத்திற்குப் பின் வந்து அமையும் நடைமுறையே.

இரண்டாவது ஆய்வுக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. கேரளத்தின் கோட்டயம் பகுதியில் பிறந்து, தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று, பின்னாளில் ஆஸ்டினில் பேராசிரியராக விளங்கியவர் ஜார்ஜ் சுதர்சன். அவரும் வைத்யநாத் மிஸ்ராவும் 1977இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நிலையற்ற ஒரு குவாண்டம் பொருளை இடைவிடாது கவனித்துக்கொண்டே இருந்தால் அது சிதையவே மாட்டாது என்பது அதன் முடிவு. பறக்கும் அம்பு ஒவ்வொரு கணத்திலும் ஓரிடத்தில் நிற்பதால் அது பறப்பதேயில்லை என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாதித்த கிரேக்க ஞானி சீனோவின் பெயரை அவர்கள் இதற்குச் சூட்டினர். 1990இல் போல்டர் நகரில் பெரிலியம் அயனிகளைக் கொண்டு இதற்கு ஒரு சான்று காட்டப்பட்டது. ஆயினும் அது கதிரலையால் தூண்டப்பட்ட மாற்றமேயன்றித் தானே நிகழும் சிதைவன்று என்ற மறுப்பு எழுந்தது. 2001இல் ரைசன் குழுவினர், சுதர்சன் பணியாற்றிய அதே பல்கலைக்கழகத்தில், நழுவிச் செல்லும் சோடியம் அணுக்களைக் கொண்டு அம்மறுப்பைத் தீர்த்தனர். ஏறத்தாழ ஒரு மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை சிதைவை இடைமறித்துத் தங்கியவற்றையும் நழுவியவற்றையும் பிரித்தபோது, சிதைவு தாமதமாயிற்று. ஐந்து மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை இடைமறித்தபோதோ, சிதைவு முன்னிலும் விரைவாயிற்று! இடைமறிப்பு என்ற ஒரே செயல், அதன் கால இடைவெளிக்கேற்பச் சிதைவைத் தடுக்கவும் செய்கிறது, தூண்டவும் செய்கிறது.

மூன்றாவது, நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் டொமினிக் ஷ்னேபிளின் குழுவினர் 2018இல் வெளியிட்டது. ஓர் அணு கிளர்ந்த நிலையிலிருந்து ஒளியை உமிழ்ந்து அமைதி பெறுவது இயற்கையில் மிகப் பரவலான சிதைவு. ரூபிடியத்தில் அது ஏறத்தாழ 26 நானோசெகண்டில் முடிந்துவிடும். இவர்கள் ரூபிடியம் அணுவை ஒளிப் பள்ளத்தில் சிறைவைத்து, நுண்ணலையால் அதனை வேறோர் உள்நிலைக்கு மாற்றினர். அந்நிலையில் அதற்குச் சிறை இல்லை. எனவே அணுவே ஓர் அலையாகப் பள்ளத்தைவிட்டு வெளியேறியது. ஒளியணு வெளியேறுவதற்குப் பதிலாக, அணுவே வெளியேறும் பொருளாயிற்று. நுண்ணலையின் வலிமையையும் அதிர்வெண்ணையும் மாற்றியபோது மூன்று விதமான நடத்தைகள் தோன்றின. ஓர் அமைப்பில் பழகிய விதிப்படி ஒரே சீராகச் சிதைவு நிகழ்ந்தது. மற்றோர் அமைப்பில், வெளியேறிய அலை முழுவதும் போய்விடாமல் திரும்பி வந்தது. சிதைவு முன்னும் பின்னும் ஊசலாடியது. பிறிதோர் அமைப்பில், வெளியே பரவிச் செல்லப் போதிய ஆற்றல் இல்லாமையால், அந்த அலை பள்ளத்தைச் சுற்றியே ஒட்டி நின்றது. முழுவதும் உள்ளேயும் இல்லை, முழுவதும் வெளியேயும் இல்லை.

5. ஒரு நியாயமான மறுப்பு

இங்கே அறிவுடைய வாசகர் ஒரு தடை எழுப்புவார். ஒளிப் பள்ளத்தினின்று நழுவும் சோடியம் வேறு. யுரேனியத்தின் கருவினின்று வெளிவரும் ஆல்ஃபா துகள் வேறு. ஒன்று ஆய்வுக்கூடத்தில் புனையப்பட்ட சிதைவு. மற்றது இயற்கையின் சிதைவு. போலியை வைத்து மெய்யைத் தீர்ப்பது தகுமா?

இத்தடையில் உண்மை உண்டு. மீக்குளிர் அணு ஆய்வுகள் ஒப்புமை ஆய்வுகளே. அவை ரேடியத்தின் அரைவாழ்வை ஒரு நொடியும் மாற்றிவிடவில்லை. ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டையும் ஆளும் கணிதம் ஒன்றே. வெளியேறுவதற்கான வழிகளோடு ஒரு நிலை எவ்வாறு பிணைந்துள்ளது என்பதே அக்கணிதத்தின் உள்ளடக்கம். மேலும் சுற்றுச்சூழல் சிதைவை மாற்றும் என்பதற்கு அணுக்கருவிலேயே சான்று உண்டு. ரீனியம்-187 என்ற ஐசோடோப்பின் அரைவாழ்வு ஏறத்தாழ 4,200 கோடி ஆண்டுகள். அதன் எலக்ட்ரான்கள் அனைத்தையும் உரித்தெடுத்து வெறும் கருவாகச் சேமிப்பு வளையத்தில் சுழலவிட்டபோது, அரைவாழ்வு ஏறத்தாழ 33 ஆண்டுகளாகச் சுருங்கியதை ஜெர்மனியின் டார்ம்ஷ்டாட் நகர ஆய்வாளர்கள் 1996இல் அறிவித்தனர். அணுக்கரு அதே கருதான். சூழ்ந்திருந்த எலக்ட்ரான்களே இல்லை. நூறு கோடி மடங்குக்கும் மேற்பட்ட இவ்வேறுபாடு, சிதைவின் வேகம் கருவுக்குள் மட்டும் எழுதப்பட்டதன்று என்பதை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகிறது.

ஆகவே ஒப்புமை ஆய்வு நமக்குப் புதிய உண்மையைப் புனைந்து தரவில்லை. ஏற்கெனவே உள்ள உண்மையை நின்று நோக்கும்படி விரித்துக் காட்டுகிறது.

6. வாதத்தின் மேல் தீர்ப்பு

இனிப் பொல்லார்டிடம் திரும்புவோம். இவ்வாய்வுகள் அவர் வாதத்தில் எதனை விட்டுவைக்கின்றன, எதனை அசைக்கின்றன?

தற்செயலை அவை அகற்றிவிடவில்லை. இதனை வலியுறுத்திச் சொல்ல வேண்டும். அறிவியல் முன்னேறியது, கடவுளுக்கு எஞ்சியிருந்த கடைசி இடைவெளியும் அடைபட்டது என்று பறைசாற்றுவோர் இவ்வாய்வுகளைத் துணைக்கழைக்க முடியாது. ஆஸ்டினில் எந்தச் சோடியம் அணு தங்கும், எது நழுவும் என்பது அன்றும் இன்றும் எவராலும் முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. ஆய்வாளர் கையில் இருப்பது வீதமே. தனி நிகழ்ச்சி அன்று. இந்த அளவில் பொல்லார்டு பிழைக்கிறார்.

அசைக்கப்படுவது அந்தப் படம். தெரிந்தெடுப்பின் புள்ளிகள் இயற்கையில் முன்னமே எண்ணி வைக்கப்பட்டிருக்கின்றன, கடவுள் அவை ஒவ்வொன்றிலும் தீர்மானம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2001ஆம் ஆண்டு ஆய்வில் அப்புள்ளிகள் எத்தனை? ஒரு மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை இடைமறித்தால் ஓர் எண்ணிக்கை. ஐந்துக்கு ஒருமுறையானால் வேறோர் எண்ணிக்கை. இடைமறிக்காமல் விட்டால், நாம் சுட்டிக்காட்டக்கூடிய புள்ளி இறுதியில் எண்ணும்போது மட்டுமே. அப்படியானால் கடவுள் எத்தனை முறை தீர்மானிக்க வேண்டும் என்பதைக் கருவியை இயக்குபவர் தீர்மானிக்கிறார் என்றாகும். இது எந்த இறையியலாரும் ஏற்க விரும்பாத முடிவு. குருவும் இயற்பியலருமான ஜான் போல்கிங்ஹார்ன் (1930–2021), அளவீடுகள் அவ்வப்போது மட்டும் நிகழ்வன ஆதலால், குவாண்டம் நிகழ்ச்சியில் தேவ செயலை நிறுத்துவோர் அச்செயலையும் அவ்வப்போதையதாக ஆக்கிவிடுகின்றனர் என்ற கருத்தில் தடை எழுப்பினார். மீக்குளிர் அணுக்கள் அத்தடைக்கு உருவமும் எண்ணும் கொடுத்துவிட்டன.

ரசல் இதற்கு விடை கூறுவார். அளவீடு என்பது ஆய்வுக்கூடச் செயல் மட்டுமன்று. ஒரு நுண்பொருள் பெரிய சூழலோடு மீளாத வகையில் உறவுகொள்ளும்போதெல்லாம் அது நிகழ்கிறது. அத்தகைய நிகழ்ச்சிகள் உலகெங்கும் கணந்தோறும் நிகழ்கின்றன என்பார். நல்ல விடைதான். ஆயின் ஸ்டோனி புரூக் ஆய்வு இங்கே குறுக்கிடுகிறது. மீளாமை என்பது அணுவில் இருக்கும் குணமன்று. வெளியேறியதைத் திருப்பித் தராத அளவுக்குச் சூழல் பரந்தும் மறதியுள்ளதாகவும் இருப்பதன் விளைவு. சூழலை மாற்றினால் போனது திரும்புகிறது, அல்லது வாசலிலேயே நிற்கிறது. எனவே ‘இதோ இந்த நிகழ்ச்சியில் கடவுள் தீர்மானித்தார்’ என்று ஒரு நிகழ்ச்சியைத் தனியே வெட்டி எடுக்க முற்பட்டால், அதன் விளிம்புகள் கையில் கரைந்துபோகின்றன. அணு, பள்ளம், ஒளி, நுண்ணலை, வெறுவெளி ஆகிய அனைத்தையும் சேர்த்தே அது ஒரு நிகழ்ச்சியாகிறது.

பொல்லார்டின் சார்பில் இன்னும் ஒரு விடை எஞ்சுகிறது. கருவியை இயக்குபவரையும் கடவுளே நடத்துகிறார். இடைமறிப்பும் அவர் பராமரிப்புக்குள் அடக்கம் எனலாம். அவ்வாறே ஆகுக. ஆனால் அவ்வாறு கூறிய கணமே, குவாண்டம் தற்செயலுக்கு நாம் அளித்த தனியிடம் பறிபோகிறது. கடவுள் எல்லாவற்றிலும் இருக்கிறாரெனில், நிகழ்தகவில் இருக்கும் அளவே விதியிலும் இருக்கிறார். நழுவிய அணுவில் இருக்கும் அளவே தங்கிய அணுவிலும் இருக்கிறார். அதனைச் சொல்வதற்குக் குவாண்டம் இயற்பியல் தேவையேயில்லை. எபிரெயர் நிருபத்தின் முதல் அதிகாரமும், கொலோசெயர் நிருபத்தின் முதல் அதிகாரமும் போதும். சகலமும் தாங்கப்படுகிறது, சகலமும் ஒன்றில் நிலைநிற்கிறது என்ற அறிக்கை அங்கே உண்டு. நம் சீர்திருத்த முன்னோர் பராமரிப்பை நிலைநிறுத்துதல், உடன்செயல்படுதல், ஆளுதல் என்று மூன்றாகப் பிரித்துக் கற்பித்தபோது, நிலைநிறுத்துதலை முதலில் வைத்தனர். பொல்லார்டின் நூல் ஆளுதலில் தொடங்கி ஆளுதலிலேயே நின்றுவிடுகிறது. அந்நூலின் மெய்யான குறை இதுவே. அது இயற்பியற் குறையன்று, இறையியற் குறை.

7. பிரசங்க பீடத்தில்

இது ஏட்டுச் சண்டையா? அன்று. மனித உடலில் இயல்பாகவே பொட்டாசியம்-40 கலந்துள்ளது. வளர்ந்த ஒருவரின் உடலில் நொடிக்கு 4,000க்கும் மேற்பட்ட அணுக்கள் அதனால் சிதைகின்றன. இப்பத்தியை வாசித்து முடிப்பதற்குள் வாசகரின் உடலில் இலட்சத்திற்கும் மேற்பட்ட சிதைவுகள் நிகழ்ந்திருக்கும். அவற்றால் பெரும்பாலும் எத்தீங்கும் இல்லை. ஆயினும் கதிரியக்கம் உயிரணுவின் மரபுப் பொருளைச் சிதைக்கவல்லது என்பதும், அத்தகைய சிதைவு அரிதாகப் புற்றுநோய்க்கு வித்திடக்கூடும் என்பதும் மறுக்க இயலாதவை.

ஒரு குழந்தை இரத்தப் புற்றால் இறந்துவிட்டது. அடக்க ஆராதனைக்கு ஆயர் செல்கிறார். குவாண்டம் நிகழ்ச்சி ஒவ்வொன்றிலும் கடவுள் ஒரு வழியைத் தெரிந்தெடுக்கிறார் என்று நம்புபவர், அக்குழந்தையின் உயிரணுவில் நேர்ந்த அந்த ஒரு பிறழ்வையும் கடவுள் தெரிந்தெடுத்தார் என்றே நம்பியாக வேண்டும். அவர் அதனை வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம். தாயின் கண்ணீர் அவரை மௌனமாக்கலாம். ஆனால் மௌனத்தால் மறைக்க வேண்டிய ஒரு போதனை, போதனையாக நிற்குமா? தீமையைப் பற்றிய இக்கேள்வியைப் பொல்லார்டின் வழிவந்தோர் அறியாதவர் அல்லர். ரசலும் அதை எடுத்துப் பேசியுள்ளார். ஆயினும், கடவுளின் செயலை எவ்வளவு நுண்ணிய புள்ளியில் நிறுத்துகிறோமோ, அவ்வளவு நேராக அப்புள்ளியின் பழியும் அவர்மேல் வந்து விழுகிறது.

சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட 18 பேரைப் பற்றி நம் ஆண்டவரிடம் பேச்சு எழுந்தபோது, அவர் அந்தக் கோபுரத்தின் கற்களை எவர் தெரிந்தெடுத்தார் என்று விளக்க முற்படவில்லை. மாண்டவர் மற்றவரிலும் பாவிகள் என்ற கணக்கை மறுத்தார். கேட்டவர்களை மனந்திரும்புதலுக்கு அழைத்தார். அடைக்கலான் குருவி விழுவதைப் பற்றிப் பேசியபோதும், அது பிதா இல்லாமல் விழுவதில்லை என்பதே அவர் அளித்த ஆறுதல். விழும் குருவியோடும் பிதா இருக்கிறார் என்பதற்கும், பிதாவே குருவியைப் பொறுக்கி எடுத்து வீழ்த்தினார் என்பதற்கும் உள்ள தொலைவு, அடக்க ஆராதனையில் நிற்கும் ஆயருக்கு மிக நன்றாகத் தெரியும்.

முடிவாக ஓர் எச்சரிக்கை. பொல்லார்டின் படத்தை விட்டுவிட்டு, மீக்குளிர் அணுக்களிலிருந்து வேறொரு படத்தைத் தீட்டி அதனைப் பிரசங்கிக்கும் ஆவல் நமக்கு எழலாம். அணுவும் தனித்து வாழ்வதில்லை, உறவிலேயே வாழ்கிறது. ஆகவே ஐக்கியமே படைப்பின் இரகசியம் என்றும், இடைவிடாது நோக்கப்படும் அணு சிதைவதில்லை. ஆகவே கடவுளின் கண் நம்மைக் காக்கிறது என்றும் இனிமையாக முழங்கலாம். ஐந்து மைக்ரோசெகண்டுக்கு ஒருமுறை நோக்கினால் அதே அணு விரைந்து சிதைகிறதே என்று சபையில் அமர்ந்திருக்கும் பள்ளி ஆசிரியர் ஒருவர் கேட்டால், அப்பிரசங்கம் என்னாகும்? இயற்பியல் நமக்கு உவமைகளின் களஞ்சியம் அன்று. நம் போதனைக்கு முட்டுக்கட்டையும் அன்று. அது படைப்பைப் பற்றிய உழைப்பு நிறைந்த சாட்சி. அந்தச் சாட்சியைப் பொறுமையாகக் கேட்பதும், அது கூறாததை அதன் வாயில் திணியாமல் இருப்பதும் இறையியலாரின் கடமையாகும்.

பொல்லார்டின் நூல் இன்றும் வாசிக்கத் தக்கது. மூடிய இயந்திரம் என்ற அச்சத்தினின்று ஒரு தலைமுறையை அது விடுவித்தது. ஆனால் உலகு திறந்திருக்கிறது என்று கண்டுகொண்டபின், எந்தத் துளையின் வழியே கடவுள் கைநீட்டுகிறார் என்று தேடுவதை நாம் நிறுத்த வேண்டும். தாங்கப்படுவது துளை மட்டுமன்று, சுவரும் தாங்கப்படுகிறது.